ஒன்பதாம் மாடித் தெரு

ஒன்பதாம் மாடியில் தெரு மாலை நான்கு மணிக்குத் தொடங்கும்.

முப்பத்திரண்டு வீட்டுக் கதவுகளும் திறந்துகொள்ளும். மின்தூக்கிக்குப் பக்கத்தில் வரிசை நிற்கும். முன்னால் நிற்பவரின் கண்ணை யோகேஸ்வரி ஒரு பழைய துப்பட்டாவால் கட்டுவாள்.

"செருப்பக் கழட்டிட்டியா மாமா? இப்ப நீ ரொட்டிக் கடை வாசல்ல நிக்கிற. வாசம் வருதா?"

"மீன் வறுக்கிற வாசம்தான் வருது," என்றார் துலுக்காணம். எழுபது வயது. ஆட்டோ ஓட்டியவர், வண்டிகள் தாமாகவே ஓட ஆரம்பித்தபின் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர். "உன் வூட்ல இன்னா, வஞ்சிரமா?"

"வெளையாடாத மாமா. நட."

அவர் நடந்தார். பதினோராவது தப்படியில் இடுப்பை ஒடித்து ஒதுங்கினார். அது குழாயடி, குடங்கள் வரிசையாக இருக்கும். கொஞ்ச தூரம் போய் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் இந்து. ஆனால் மாதா கெபியை, மாதாவின் அந்தச் சின்னத் தெருவோரக் கோயிலை, தாண்டும்போது தெருவில் எல்லோருமே அப்படித்தான் செய்வார்கள். பிறகு ஒரு காலைத் தூக்கி அகலமாக எட்டி வைத்தார், சாக்கடை. தலையைக் குனிந்தார், முருங்கைக் கிளை. கடைசியில் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அங்கே தாழ்வாரம் முடிகிறது. எதிரே சுவர், சுவரில் கம்பி போட்ட ஒரு ஜன்னல்.

"வந்துட்டியா மாமா?"

"வந்துட்டேன். ஆறு நாறுது."

எல்லோரும் சிரித்தார்கள்.

குழாயடி என்று அவர் ஒதுங்கிய இடத்தில் இருந்தது தீயணைப்புக் குழாய்ப் பெட்டி. மாதா கெபி என்பது மின்சார அலமாரி. இரண்டு கட்டடப் பகுதிகள் சேரும் இடத்தில் தரையில் பதித்த இரும்புப் பட்டைதான் சாக்கடை. இந்தப் பெயர்கள் பயிற்சிக்காக வைத்தவை அல்ல. இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால், கூவம் கரையிலிருந்த சாயக்காரத் தோட்டத்தை இடித்து, அங்கிருந்தவர்களை லாரிகளில் ஏற்றி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஏரிக்குள் கட்டிய இந்த அடுக்கில் இறக்கியபோது, எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்தன. முதல் வாரம் ஆளாளுக்கு அடுத்தவன் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்தார்கள். அப்போது யாரோ ஒருத்தி, "என் வீடு குழாயடிக்கு எதிர்ல இருக்கிறதுன்னு வச்சுக்க" என்று சொல்ல, அதுவே பழக்கமாகிவிட்டது. இங்கேயே பிறந்த பிள்ளைகள் அந்த இரும்புப் பட்டையை மிதிப்பதில்லை, தாண்டுகிறார்கள். முருங்கைக் கிளை எனப்பட்ட, மேலே ஓடும் குழாய் அவர்கள் தலைக்கு இரண்டு முழம் உயரத்தில் இருந்தும் அங்கே வந்தால் குனிகிறார்கள். ஏன் என்று கேட்டால் தெரியாது.

யோகேஸ்வரி தெருவை விட்டு வரும்போது அவளுக்கு ஒன்பது வயது.

இந்தப் பயிற்சி எதற்கென்றால், தடவுரிமைச் சட்டத்துக்காக.

காகிதம் செத்த வருஷம் என்று ஜனங்கள் சொல்லும் வருஷத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. எந்தப் பத்திரத்தையும் எந்தக் கையெழுத்தையும் எந்த முத்திரையையும் ஒரு பொறி ஒரு நிமிடத்தில் செய்து கொடுத்துவிடும் என்று ஆனபின், நகரத்தின் ஒவ்வொரு மனைக்கும் நான்கைந்து பேர் அச்சு அசலான பத்திரத்தோடு நீதிமன்றத்தில் நின்றார்கள். கும்பினிக்காரன் காலத்துப் பட்டாக்கள்கூடப் புதிது புதிதாய்க் கிடைத்தன. கடைசியில், பொய் சொல்லத் தெரியாதது உடம்பு ஒன்றுதான் என்று முடிவு செய்தார்கள்.

பழகிய இடத்தில் நடக்கும்போது கண் பார்க்கும் முன்பே உடம்பு முடிவெடுத்துவிடுகிறது. படி வருவதற்குள் கால் எழும்புகிறது. வளைவு வருவதற்குள் கழுத்து திரும்புகிறது. இதற்கு முன்னசைவு என்று பெயர். கணுக்காலிலும் கழுத்திலும் பட்டைகளாகக் கட்டும் தடமானி இந்த முன்னசைவை அளந்து, உடம்பில் எந்த இடம் எவ்வளவு படிந்திருக்கிறது என்று நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லும். எழுபது வந்தால் இடம் உன்னுடையது.

முதல் வருடம் ஊரே சிரித்தது. காரிலேயே போய்க் காரிலேயே வந்த ஒரு பெரிய மனிதருக்குத் தன் சொந்த பங்களாவில் பதினொன்று வந்தது. அவர் வீட்டில் சமைத்த அம்மாளுக்குத் தொண்ணூற்று மூன்று. ஆனால் சமையலறையில் மட்டும். சட்டப்படி சமையலறை அந்த அம்மாளுக்குப் போயிற்று. பெரிய மனிதர் காபி கேட்டு வாசலில் நிற்பதாக ஒரு கதை உலாவியது.

யோகேஸ்வரி சிரிக்கவில்லை. அவள் நகரத்துக்குள் ஒரு முதியோர் மருத்துவமனையில் தாதிப்பொறிகளைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தாள். புதிதாக வருகிறவர்கள் "எந்த ஏரியா?" என்று கேட்டால் "சிந்தாதிரிப்பேட்டை" என்பாள். வாய் அதைத்தான் சொல்லும். ஆனால் வாசல் கதவிலிருக்கும் பலகை அவள் உள்ளே நுழையும்போதெல்லாம் 'ஏரியடுக்கு எட்டு' என்று எல்லோரும் பார்க்கக் காட்டும். அதற்குப் பிறகு ஏதாவது காணாமல் போனால் முதலில் அவள் பையைத்தான் திறந்து பார்ப்பார்கள். ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போது, கூவத்தைத் தாண்டும் இடத்தில் மட்டும் எழுந்து கதவருகே நிற்பாள். வேலிபோட்ட நடைப் பூங்கா ஒன்று கீழே பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சைக்கு அடியில் எங்கோ அவள் வீட்டு அடுப்படி இருந்தது. ரயில் தாண்டுவதற்குப் பன்னிரண்டு விநாடி. இருபத்தேழு வருடமாக அவளுக்கு அந்த ஊரில் சொந்தமாக இருந்தது அந்தப் பன்னிரண்டு விநாடிதான்.

சட்டம் வந்ததும் மனுப் போட அலைந்தது அவள்தான். மனு ஏற்கப்பட்டதும் பூங்காவை மூடி முத்திரை வைத்தார்கள். அங்கே போய் யாரும் நடந்து பழகிவிடக் கூடாதென்று. ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. சோதனைக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

பழைய தெருவுக்கு நூறு தப்படிக்கு மேல் நீளம் இருக்கும் என்று துலுக்காணம் அப்போதே சொன்னார். தாழ்வாரம் அறுபத்து மூன்றுதான். கீழே வெட்டவெளியில் பழகலாமென்றால் எப்போதும் ஏரித் தண்ணீர் முழங்கால் வரை நின்றது.

"நீளம் கெடக்குது மாமா," என்றாள் யோகேஸ்வரி. "எதுக்கு அப்புறம் எதுன்ற வரிசை தப்பாம இருந்தா போதும். அளவ ஒடம்பு பாத்துக்கும்."

எல்லோரும் அவளை நம்பினார்கள். அவ்வளவு ஆசையாக ஒருத்தி சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வது?

நம்பாதவள் ரெபேக்கா ஒருத்திதான். தரைத்தளத்தில் ஆப்பக்கடை வைத்திருந்தாள். தெருவிலிருந்து வந்தவர்களில் அவளுக்கு மட்டும் வீடு கீழே கிடைத்தது. அம்மாவுக்குக் கால் வராது என்று அன்றைக்கு யாரோ இரக்கப்பட்டுப் போட்டது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ரெபேக்காவுக்கு இப்போது நாற்பத்தொன்பது. கல்யாணம் இல்லை, வாய் உண்டு.

"இன்னாடி தெரு வாத்தியாரம்மா, இன்னிக்கு எத்தினி பேர் சாக்கடையில வுழுந்தாங்கோ?"

"நீயும் வாயேன்க்கா. சாயங்காலம் ஒரு மணி நேரம்."

"எனக்கு இன்னாத்துக்குடி? அந்தக் கொழாயடியில இருந்து நாளைக்கு நாப்பது கொடம் தூக்கிருக்கேன். பத்து வயசுல இருந்து இருவத்திரெண்டு வரிக்கும். எங்க வூட்டுக்கு, ரொட்டிக் கடைக்கு, அந்த மாதாவுக்குப் பூ போடுறவளுக்குக்கூட நான்தான் தூக்குனேன். இடுப்பு இன்னும் வலிக்குது. மறக்கறதுக்கே எனக்கு இருவது வருசம் ஆச்சு." அவள் ஆப்பச் சட்டியைச் சுழற்றினாள். "இங்க இன்னா கொறச்சல்? கொழாயைத் தொறந்தா தண்ணி வருது."

"ஊரு இல்லியேக்கா."

ரெபேக்கா ஆப்பத்தை எடுத்து அவள் தட்டில் போட்டாள்.

"ஒரே ஒரு தபா மிதிபலகையில ஏறுக்கா. அதுதான் இப்ப கையெழுத்து. முப்பத்திமூணு குடும்பமும் ஏறுனாதான் சோதனையே வைப்பாங்கோ."

"பிசாசு," என்று திட்டிக்கொண்டே ரெபேக்கா செருப்பைக் கழற்றினாள்.

*

சோதனை நாளன்று காலை ஏழு மணிக்கே பூங்கா வாசலில் முப்பத்து மூன்று பேர், குடும்பத்துக்கு ஒருவராக, நல்ல துணி உடுத்தி நின்றார்கள். பெண்கள் பூ வைத்திருந்தார்கள். துலுக்காணம் முகச்சவரம் செய்திருந்தார். யோகேஸ்வரியின் மகள் ஆராதனாவும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள். பதின்மூன்று வயது. ஆற்றைப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, இதுக்காம்மா அழுத?"

"வாய மூடு," என்றாள் யோகேஸ்வரி. அவள் மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

தடக்கணிப்பாளர் பெயர் சுகந்தன். முப்பது வயதுகூட இருக்காது. உட்கார நாற்காலி போடச் சொன்னார், எல்லோரையும் 'வாங்க' என்றார். அந்தத் துறையிலிருந்து யாரும் அவர்களை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"தெருதான் இப்ப இல்லியே சார், எப்படி அளப்பீங்க?" என்று கேட்டார் துலுக்காணம்.

"தெரு இருக்குங்கய்யா." சுகந்தன் திரையைத் திருப்பிக் காட்டினார். நீலக் கோடுகளால் ஒரு தெரு. கதவுகள், படிகள், ஒரு கிளையின் உயரம்கூட இருந்தது. "இடிக்கிறதுக்கு முந்தின நாள் எடுத்த அளவை. அதுக்கு முன்னாடி எந்த வரைபடத்துலயும் இந்த இடம் கிடையாது. வெள்ளைக்காரன் வரைபடத்துல பச்சை, அப்புறம் நம்ம வரைபடத்துல புறம்போக்கு. இடிக்கப் போறப்பதான் முதல் தடவையா அளந்திருக்காங்க. கண்ணைக் கட்டிட்டு நீங்க நடக்கும்போது, எங்க எது இருக்கும்னு உங்க உடம்பு எதிர்பார்க்குதோ, அதை இதோட ஒப்பிடுவோம்."

யோகேஸ்வரிக்கு அந்த நாள் நினைவிருந்தது. பறக்கும் பொறி ஒன்று தெருவின் மேல் மூன்று முறை வட்டமடித்தது. பிள்ளைகள் எல்லோரும் அதைப் பார்த்துக் கையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

முதலில் அவள்தான் நடந்தாள்.

கணுக்காலில் பட்டை குளிர்ந்தது. காலுக்கடியில் புல் ஈரமாக இருந்தது. கண்ணைக் கட்டியதும் ஆற்றின் நாற்றம் இன்னும் கிட்டே வந்தது. முதல் நான்கு தப்படி அவளுக்குத் தான் நடப்பதாகவே தெரியவில்லை. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல இருந்தது. அதன்பின் பயிற்சி வந்து சேர்ந்துகொண்டது. பதினொன்று, ஒதுங்கினாள். கெபி, சிலுவை. சாக்கடை, எட்டி வைத்தாள். கிளை, குனிந்தாள். ஒன்றும் தப்பவில்லை. அறுபத்து மூன்று.

நின்றாள். கைகள் தாமாக முன்னால் எழுந்தன.

"நடங்கம்மா," என்று சுகந்தனின் குரல் பின்னாலிருந்து வந்தது. "இன்னும் தெரு இருக்கு."

எதிரில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். காற்று முகத்தில் அடித்தது. ஆறு அதற்கும் அப்பால் சலசலத்தது. காலை எடுத்து வை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கால் எழும்பவில்லை. உள்ளங்கை இரண்டும் காற்றில் ஒரு சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றன. முகத்தை இடித்துக்கொள்வோம் என்ற பயத்தில் கழுத்து பின்னால் சாய்ந்தது.

"என் வீடு வந்துடுச்சு சார்," என்றாள்.

"இல்லம்மா. உங்க வீடு இன்னும் நாப்பது தப்படி தள்ளி இருக்கு."

*

முப்பத்திரண்டு பேர் நடந்தார்கள். முப்பத்திரண்டு பேரும் அதே இடத்தில் நின்று கையை நீட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஆராதனா முதலில் சிரித்தாள். பத்தாவது ஆளுக்குப் பிறகு சிரிக்கவில்லை.

கடைசியாக ரெபேக்கா நடந்தாள். "கண்ணக் கட்டினா எனக்குத் தல சுத்தும் தம்பி" என்று முனகிக்கொண்டே போனாள். எங்கேயும் எண்ணவில்லை. கெபியில் சிலுவை போடவில்லை. ஆனால் குழாயடி இருந்த இடத்தில் நின்று, குனிந்து, இல்லாத ஒன்றை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, இடதுபக்கம் சாய்ந்தபடி விறுவிறுவென்று ஆற்று மேடு வரைக்கும் போய்விட்டாள். சுகந்தன் ஓடிப்போய்ப் பிடிக்காவிட்டால் இறங்கியிருப்பாள்.

ரெபேக்கா, எழுபத்து நான்கு. மற்ற எல்லோருக்கும் இருபதுக்குக் கீழே. யோகேஸ்வரிக்கு ஒன்பது.

"பழக்கித் தயார் பண்ண ஆளுங்களைப் பிடிக்கிறதுக்காக, எல்லாத் தடத்தையும் நகரத்தோட மத்த இடங்களோடயும் பொறி ஒப்பிட்டுப் பார்க்கும்," என்றார் சுகந்தன். அவர் திரையைப் பார்த்தே பேசினார். "உங்களுடையது ஏரியடுக்கு எட்டு, ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தோட பொருந்துது. தொண்ணூத்தெட்டு. இந்தத் துறை ஆரம்பிச்சதுலேருந்து இவ்வளவு யாருக்கும் வந்ததில்ல."

"அது நாங்க பழகிக்கினது சார். தெரு மறந்துடக் கூடாதுன்னு..."

"புரியுதும்மா. ஆனா உடம்பு ரெண்டு பிரதி வச்சிக்காது. ஒவ்வொரு தடவை நடக்கும்போதும் பழசு மேலயே எழுதிடும். நீங்க நடக்காம, நினைக்காம, அப்படியே விட்டிருந்தா..." அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, சொல்லலாமா என்று யோசித்தவர் போல, திரையில் ஒரு மூலையைப் பெரிதாக்கினார். "முதல் நாலு தப்படி மட்டும் தெருவோடது. பாருங்க, மத்ததெல்லாம் உங்க தப்படி நீளத்துக்கு இருக்கு. இது நாலும் சின்னதா இருக்கு. ஒரு குழந்தையோட கால்."

யோகேஸ்வரி அந்த நான்கு சிவப்புப் புள்ளிகளையும் பார்த்தாள். விரலால் தொட்டாள். திரை அணைந்துவிட்டது.

வாசலில் துலுக்காணம் பூங்காக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. மற்றவர்கள் திரும்பினார்கள்.

"வரிசை தப்பாம இருந்தா போதும்னியே?" என்றாள் கெபிக்கு எதிர்வீட்டு மங்களம். "நல்லா வரிசையா வந்து செவுத்துல முட்டிக்கினோம்."

"ஏய், அவளை ஏண்டி திட்றீங்க? ஒங்க காலு ஒங்கள்துதானே?" என்று ரெபேக்கா கத்தினாள். யாருக்கும் அது ஆறுதலாக இல்லை. ஜெயித்தவள் அவள்.

*

சட்டம் எதையும் பாதியில் விடுவதில்லை. சாயக்காரத் தோட்டம் முழுவதும், ரொட்டிக் கடை முதல் ஆற்று மேடு வரை, ரெபேக்காவுக்கு உரியது. தடம் இல்லாதவர்கள் அங்கே விருந்தினராக மூன்று நாள் தங்கலாம். அறுபது நாளுக்குள் அவள் போய்க் குடியேறாவிட்டால் இடம் மறுபடி பூங்கா. குடியேறினால், அரசே தெருவைப் போட்டுக் கொடுக்கும். எங்கே எது வரவேண்டும் என்று தடவுரிமையாளர் சொன்னால் போதும். போட்டு முடித்ததும் புதிய அளவை எடுத்துப் பழையதை நீக்கிவிடுவார்கள். தோற்றவர்கள் அந்தப் புதிய அளவையின்மேல் இன்னொரு முறை, ஒரே ஒரு முறை, நடந்து பார்க்கலாம்.

இந்தக் கடைசி விதியைச் சுகந்தன் அவர்களுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். படித்துவிட்டு யோகேஸ்வரியை ஒரு விநாடி பார்த்தார். பழைய அளவையின் நகல் ஒன்றையும் அவள் கையில் கொடுத்தார்.

ரெபேக்கா ஐம்பத்தெட்டாவது நாள் ஆப்பச் சட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எனக்கா ஆச? ஒங்க மூஞ்சிங்களப் பாக்க சகிக்காமதான் போறேன்," என்றாள் யோகேஸ்வரியிடம். "நான் போவலன்னா ஒங்களுக்கு ரெண்டாவது தபாவும் கெடையாது. அங்க யாருகிட்டடி பேசுவேன்? நூறு தப்படித் தெருவுல ஒருத்தி. நாய்கூடக் கெடையாது."

"வந்துடுவோம்க்கா."

"வந்து தொலைங்க."

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கைப்பேசியில் கூப்பிட்டாள். யோகேஸ்வரி தாழ்வாரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பேசியின் வழியே ஏதோ பெரிய வண்டி உறுமும் சத்தம் கேட்டது.

"யோகு, அச்சுவண்டி வந்து நிக்குதுடி. தெருவ அப்படியே கல்லுல ஊத்திக்கினே போவுமாம். எங்க எது வோணும்னு வண்டிக்காரன் என்னியக் கேக்குறான். எனக்கு இன்னா தெரியும்? ரொட்டிக் கடைக்கும் கொழாயடிக்கும் எத்தினி தப்படி? நீதானே வச்சுனுகீற அந்த அளவு? படி. அவன் நிக்கமாட்டேன்றான்."

யோகேஸ்வரி உள்ளே போய் அளவைத்தாளை எடுத்துவந்தாள். மடிப்பெல்லாம் தேய்ந்திருந்தது. ராத்திரி பகல் பாராமல் பார்த்ததில் எல்லாம் மனப்பாடம். பதினெட்டு தப்படி குழாயடி. தெரு முடிவில் அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு, சரிவில் ஆறு.

கதவுகள் திறந்துகொண்டன. பேசியின் சத்தம் எல்லோருக்கும் கேட்டிருந்தது. இரண்டு மாதமாக அவளோடு பேசாத மங்களமும் வாசலில் வந்து நின்றாள். எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது. தாளில் இருப்பதைப் படித்தால், கூவம் கரையில் சாயக்காரத் தோட்டம் இருந்தபடியே எழும்பும். அதில் ரெபேக்கா மட்டும் வசிப்பாள்.

துலுக்காணம்தான் வாயைத் திறந்தார்.

"தாள்ல கீறதப் படிடி. நம்ம தெரு அதுதான். நாம இல்லாட்டி போறோம். அது இருக்கட்டும்."

"யாருக்கு இருக்கணும் மாமா?" என்றாள் மங்களம். "வேடிக்க பாக்கறதுக்கா?"

"ஏய், கேக்குதா இல்லியா?" பேசியில் ரெபேக்கா. "இவங்க போட்டுக்குடுத்த கொட்டாய்க்குள்ள ஒருத்தியே பேசிக்கினு கெடக்கறேன்டி. சீக்கிரம் சொல்லு."

யோகேஸ்வரி ஆராதனாவைப் பார்த்தாள். அவள் மின்தூக்கி வாசலில், இரும்புப் பட்டைக்கு இந்தப் பக்கம், சுவரில் சாய்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். எந்தத் தெருவாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான் போலிருந்தது. யோகேஸ்வரி தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். மின்தூக்கிக்கு முன்னால் போய் நின்று, செருப்பைக் கழற்றினாள். கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

"சொல்றேன்க்கா. ரொட்டிக் கடையில இருந்து கொழாயடி பதினொண்ணு."

"பதினொண்ணா? ரொம்பக் கிட்டக்க கீதே?"

"பதினொண்ணு. இடது கைப்பக்கம். அங்கிருந்து கெபி பதினாறு."

ஒவ்வொரு இடமாக நடந்து நடந்து சொன்னாள். தெரு அகலம் ஐந்து தப்படி என்றாள், தாளில் ஒன்பது. முருங்கைக் கிளைக்குப் பதிலாகக் குறுக்கே ஒரு கம்பம் போதும் என்றாள். மறுபக்கம் ரெபேக்கா அதையெல்லாம் திருப்பிச் சொல்வதும், வண்டிக்காரன் ஏதோ கேட்பதும் கேட்டது. பெண்கள் அவள் பின்னாலேயே நடந்துவந்தார்கள். ஒருத்தி சன்னமாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

"அறுவத்திமூணு," என்றாள் யோகேஸ்வரி. "அவ்ளோதான்."

"அவ்ளோதானா? இன்னும் நாப்பது தப்படி வெத்தா கெடக்குதேடி. அங்கதானே ஒன் வூடு நின்னுச்சு? ஒங்கம்மா பாத்திரம் தேய்க்கிற கல்லு கூட இங்க மண்ணுக்குள்ள இருந்து எடுத்து வச்சிருக்கேன்."

யோகேஸ்வரி ரவிக்கைக்கு மேலாக, மடித்து வைத்த தாளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அங்க ஒரு செவுரு வைக்கச் சொல்லுக்கா."

"ஆத்துக்குக் குறுக்கவா?"

"ஆமா. ஆள் உயரத்துக்கு மேல."

"பைத்தியமாடி நீ? ஆறு தெரியாம..." ரெபேக்காவின் குரல் பாதியில் நின்றது. பிறகு மெதுவாக, "ஜன்னல் வைக்கலாமா?" என்று கேட்டாள்.

யோகேஸ்வரி சுவரண்டை போய், கம்பியின்மேல் கையை விரித்து வைத்து அளந்தாள். அகலம் மூன்று சாண், உயரம் இரண்டு. வெளியே, ஒன்பது மாடிக்குக் கீழே, ஏரித் தண்ணீரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அளவைச் சொன்னாள். கம்பி ஐந்து என்றாள். மங்களம் பின்னாலிருந்து "ஆறு" என்று திருத்தினாள். யோகேஸ்வரி எண்ணிப் பார்த்து, ஆறு என்று சொன்னாள்.

"இரு, அவன்ட்ட சொல்லிட்டு வரேன்," என்றாள் ரெபேக்கா.

அச்சுவண்டி ஆற்று மேட்டுப் பக்கமாகத்தான் நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் சுவரைத்தான் முதலில் போட ஆரம்பித்தார்கள்.